அலாய் வீலில் படிவது வெறும் அழுக்கு அல்ல, இரும்பு

முன் சக்கரங்கள் இரண்டும் கருத்துக் கிடக்க, பின் சக்கரங்கள் மட்டும் ஓரளவு சுத்தமாக இருப்பது ஏன்? கடலூரில் கார் பராமரிப்புக் கடை நடத்தும் என்னிடம் வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சாலைப் புழுதிதான் காரணம் என்றால் நான்கு சக்கரங்களிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி படிந்திருக்க வேண்டும்.

பிரேக்கை அழுத்தும்போது காரின் எடை முன்பக்கம் சாய்கிறது. நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குகள் தலையில்தான் விழுகிறது. நம் ஊரில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்னால் டிஸ்க் எனும் வட்டத் தகடு பிரேக், பின்னால் டிரம் எனும் மூடிய உருளை பிரேக். டிரம்முக்குள் தேய்ந்த தூள் பெரும்பாலும் உள்ளேயே அடைபட்டுக்கொள்கிறது. டிஸ்க் திறந்து கிடப்பதால் தூள் நேரே ரிம்மில் வந்து உட்காருகிறது. கன்னியக்கோயில் தாண்டி கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம், மரப்பாலம் என்று நின்று நின்று புதுச்சேரிக்குள் நுழையும் கார், நெடுஞ்சாலையில் சீராக அதே தூரம் ஓடும் காரைவிட அதிகத் தூளை உதிர்க்கும்.

டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. பிரேக் அழுத்தும்போது அதை இறுக்கிப் பிடித்து உரசும் பேடில் பிசின், கிராஃபைட், பல வகைகளில் எஃகு இழையும் இருக்கும். ஆகவே உதிரும் தூளில் இரும்பு கணிசமாக இருக்கிறது. சூடாகப் பறக்கும் அந்தத் துகள்கள் வீலின் மேலுள்ள கிளியர் கோட் பூச்சில் பதிந்துவிடுகின்றன. பதிந்த இரும்பில் ஈரம் பட்டால் துருப் பிடிக்கும். தேவனாம்பட்டினம் பக்கமோ புதுச்சேரிக் கடற்கரைச் சாலைப் பக்கமோ இரவில் வெளியே நிற்கும் கார் என்றால் உப்புக் காற்று அந்த வேலையை விரைவுபடுத்தும். ஷாம்பு போட்டுக் கழுவிய பிறகும் ஊசிமுனை அளவில் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால், அவை இந்தத் துருதான். சோப்புக்கு எண்ணெய்ப் பசை கரையும், புழுதி கழன்றுவரும். துரு அசையாது.

அசையாததைக் கண்டதும் ஆளாளுக்கு ஒரு வழியைத் தேடுகிறார்கள். பித்தளைக் குடத்துக்குப் பழகிய கை புளியை எடுக்கிறது. இன்னொருவர் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுக்கிறார். கம்பி நார் துருவோடு கிளியர் கோட்டையும் சுரண்டிவிடும். அந்தக் கீறல்களில்தான் அடுத்த மாதத் தூள் இன்னும் ஆழமாகப் போய் உட்காரும்.

இவற்றையெல்லாம்விட மோசமானது ஆசிட். “கொஞ்சம் ஆசிட் ஊற்றினால் ஒரே நிமிடத்தில் பளிச்சென்று ஆகிவிடுமே, அண்ணே?” என்று கேட்காத டிரைவர் குறைவு. ஆகிவிடும், உண்மைதான். கழிப்பறை ஆசிட்டில் இருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் துருவைக் கரைக்கிறது. கூடவே கிளியர் கோட்டை மங்க வைத்து, கீறல் வழியே உள்ளே இறங்கி வீலின் அலுமினியத்தையும் அரிக்கத் தொடங்குகிறது. சில மாதங்களில் பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்தது போல வெள்ளைக் கோடுகள் தெரியும். டயமண்ட் கட் வீல்களில் இது சீக்கிரமே வெளிப்படும். கடைந்தெடுத்த அலுமினியத்துக்கு மேல் கிளியர் கோட் ஒன்றுதான் காவல். அரிப்பு உள்ளே புகுந்தால் மறுபடி கடைந்து பூச்சு ஏற்றுவதுதான் வழி. அதையும் சில முறைகளுக்கு மேல் செய்ய முடியாது.

பெயரும் லேபிளும் இல்லாத கேன்களில் வரும் ‘வீல் ஆசிட்’டைத் தொடவே வேண்டாம் என்பேன். சிலவகை வீல் கிளீனர்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அம்மோனியம் பைஃபுளோரைடோ இருக்கும். தோலில் பட்டதும் வலிக்காமல், சில மணி நேரம் கழித்து எலும்பு வரை பாதிக்கக்கூடிய பொருள் அது. வாட்டர் சர்வீஸ் கடைகளில் வெறுங்கையோடு நிற்கும் பையன்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சரியான வழியில் அவசரத்துக்கு இடமில்லை. ஓடி வந்த கார் முதலில் நிழலில் நின்று ஆற வேண்டும். சூடான வீலில் எதை அடித்தாலும் காய்ந்து கறையாகிவிடும். உலர்ந்த தூளைக் காற்றுக் குழாயால் ஊதாதீர்கள், அது நுரையீரலுக்குள் போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் கொண்டுவந்த யூரோ 7 விதிகள் புகையோடு நிற்காமல் பிரேக் தூளுக்கும் வரம்பு வைத்தது இந்தக் கவலையால்தான். முதலில் தண்ணீரால் நனைத்து, ஷாம்புவால் மேல் அழுக்கை எடுத்துவிட்டு, அமிலமாகவோ காரமாகவோ இல்லாத, அதாவது பிஹெச் நடுநிலையான, ‘அயர்ன் ரிமூவர்’ அடியுங்கள். நிறமில்லாமல் விழும் திரவம் கொஞ்ச நேரத்தில் துகள் இருக்கும் இடங்களில் ஊதாவாக மாறி, கோடு கோடாக வழியும். அதிலுள்ள தயோகிளைகோலேட் இரும்போடு சேர்வதால் வரும் நிறம் அது. வாடை குமட்டும், அழகு நிலையங்களில் முடி சுருட்டப் பயன்படும் மருந்தும் அதே குடும்பம்தான். மூன்று முதல் ஐந்து நிமிடம் விட்டு, காய்வதற்குள் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து நன்றாக அலசுங்கள். கையுறை கட்டாயம். கடைசி அலசலுக்கு உப்பான போர்வெல் தண்ணீர் வேண்டாம். அது மட்டும்தான் கிடைக்கும் என்றால் உடனே துணியால் துடைத்துவிடுங்கள்.

கழுவும் முன் செய்ய வேண்டிய ஒரு காரியத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். இடது, வலது முன் சக்கரங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மிகவும் கருத்திருந்தால் அந்தப் பக்கம் பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிபரின் ‘பின்’ (ஊசி போன்ற தண்டு) துருவேறி இறுகி, பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டிருக்கக்கூடும். ஓட்டி நிறுத்தியதும் அந்தச் சக்கரம் மற்றதைவிடச் சூடாக இருக்கும், தீய்ந்த வாடை வரும், மைலேஜும் குறையும். மாறாக, ஒரு பக்கம் தூளே இல்லையென்றால் அந்த பிரேக் சரியாகப் பிடிக்காமல் இருக்கலாம். ரிம்மின் உட்புறம் பிசுபிசுவென்று ஈரமாக இருந்தால் பிரேக் ஆயிலோ ஆக்சில் கிரீஸோ கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் சக்கரத்தைக் கழுவாமல் மெக்கானிக்கிடம் காட்டச் சொல்லி நான் திருப்பி அனுப்பிவிடுவேன். கழுவினால் அடையாளம் அழிந்துபோகும்.

டயர் பாலிஷைத் துணியில் எடுத்து டயரில் மட்டும் தடவுங்கள். ஸ்பிரே செய்தால் டிஸ்க்கில் பட்டு பிரேக் வழுக்கும். எல்லாம் முடிந்ததும் சில நூறு மீட்டர் மெதுவாக ஓட்டி, லேசாக பிரேக் அழுத்தி டிஸ்க்கை உலர்த்துங்கள். ஈரத்தோடு ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்துவிட்டுப் போனால், நம் கடலோரக் காற்றில் மறுநாள் பின் சக்கரம் இறுகி நகர மறுக்கலாம்.