கில்டு என்றால் தொழிற்சங்கமா?

ஐரோப்பிய வரலாற்றில் அடிக்கடி வரும் கில்டு (ஒரே தொழில் செய்வோரின் அமைப்பு) என்ற சொல்லைப் பலர் 'தொழிற்சங்கம்' என்று தமிழாக்கிவிடுகிறார்கள். அது பொருந்தாது. தொழிற்சங்கம் கூலிக்காரர்களுடையது. கில்டிலோ பட்டறை வைத்திருப்பவரே முதல் ஆள். சரக்கின் தரம், வேலை நேரம், தொழில் பழக வரும் பையன் எத்தனை ஆண்டு இருக்க வேண்டும் என்பதையெல்லாம் கில்டே விதித்தது.

பழைய ஜெர்மானிய மொழிகளில் இதன் வேருக்குச் செலுத்துதல், காணிக்கை என்று பொருள். ஜெர்மனில் பணத்தைக் குறிக்கும் 'கெல்ட்' இதற்கு உறவு. பொதுப் பெட்டியில் பணம் போட்டவர்களின் கூட்டம், அவ்வளவுதான். தமிழில் வணிகர்கள் பொதுக் காரியத்துக்கு எடுத்து வைத்த மகமையை நினைத்தால் இந்த வேர் சட்டென்று விளங்கும்.

பணம் போட்டவர்கள் ஆயுதமும் எடுத்தார்கள். இன்றைய பெல்ஜியம் பக்கத்துப் பிளாண்டர்ஸ் நகரங்களில் காவலுக்கும் போருக்கும் ஒவ்வொரு தொழிலாரும் தங்கள் கொடியின் கீழ் ஆள் அனுப்பினார்கள். 1300இல் பிரெஞ்சு மன்னர் நான்காம் பிலிப் பிளாண்டர்சைக் கைப்பற்றினார். புரூஜ் நகரில் எதிர்ப்பைத் திரட்டியவர் பீட்டர் டி கோனிங்க் என்ற நெசவாளர். 1302 மே 18 விடியலில் அங்கிருந்த பிரெஞ்சுக்காரர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

பழிவாங்க வந்த பிரெஞ்சுக் குதிரைப்படையை ஜூலை 11 அன்று கோர்ட்ரெய்க் நகருக்கு வெளியே பிளாண்டர்ஸ்காரர்கள் எதிர்கொண்டார்கள். தலைமையில் பிரபுக்களும் இருந்தார்கள். ஆனால் அணியில் நின்றவர்கள் பெரும்பாலும் நெசவாளர் முதலான கைத்தொழிலாரே. கையில் தடித்த மரத்தடி, அதன் நுனியில் இரும்பு முள். அந்த ஆயுதத்துக்கு வழங்கிய பெயரின் பொருள் 'நல்ல நாள்'. குசும்புதான்! ஓடைகளும் சேறும் குதிரைகளைத் தடுத்தன. பிரெஞ்சுத் தளபதி ஆர்த்துவா ராபர்ட் உட்பட ஏராளமான வீரப்பெருமக்கள் மாண்டார்கள். பிடிபட்ட பிரபுக்களைப் பிணைப்பணம் வாங்கிக்கொண்டு விடும் வழக்கம் அன்று செல்லவில்லை. மாண்டவர்கள் குதிரையைத் தூண்டக் குதிகாலில் கட்டியிருந்த பொன் குதிமுள்கள் கோர்ட்ரெய்க் தேவாலயத்தில் தொங்கின. அதற்கப்புறம் நகர ஆட்சியிலும் கில்டுகளுக்கு இடம் கிடைத்தது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? சாத்து என்பது வணிகர் கூட்டத்துக்கே உரியது. கம்மியர் என்றால் கொல்லரும் தச்சரும்தான் மனதில் வருகிறார்கள். நெசவாளரும் இறைச்சி வெட்டுவோரும் அதில் அடங்குவதில்லை. 'கைத்தொழிற்குழு' என்பதே என் தேர்வு. குழு பழைய சொல். அரசனுக்குத் துணைநின்ற ஐம்பெருங்குழுவில் மதிப்போடு வருகிறது. ஆனால் குறள் 735 'பல்குழு'வை நாட்டுக்கு ஆகாதவற்றில் வைத்து, கூடவே 'வேந்தலைக்கும் கொல்குறும்பு', அதாவது மன்னனை வருத்தும் கொலைக் கூட்டம், என்றும் சேர்க்கிறது. பிலிப் கண்ணுக்கு புரூஜ் நெசவாளர்கள் அப்படித்தான் தெரிந்திருப்பார்கள். அவர்கள் திரட்டிய படையைக் 'குழுப்படை' என்றாலே போதும்.