வளைத்த கம்பி ஏன் விறைத்துக்கொள்கிறது?

பழுதான மோட்டாரிலிருந்து பிரித்த செம்புக் கம்பியையும் கடற்கரையில் பொறுக்கிய கண்ணாடிச் சில்லுகளையும் சேர்த்துக் கம்மல் செய்யும் வாசகி ஒருவர், முதலில் மெத்தென்று வளையும் கம்பி நாலைந்து முறை வளைத்தபின் முரண்டு பிடிப்பதும், அதற்கு மேல் வற்புறுத்தினால் ஒடிந்துபோவதும் ஏன் என்று கேட்டிருக்கிறார்.

அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் (1898–1976) சிறுவயதில் தெருவில் கிடந்த செம்புக் கம்பித் துண்டுகளைக் கொண்டு அக்காளின் பொம்மைகளுக்கு நகை செய்தவர். பின்னாளில் அவர் செய்த ஏறத்தாழ 1,800 நகைகளில் உடைந்த கண்ணாடியும் பீங்கான் சில்லும் இடம்பெற்றன. பெரும்பாலும் பற்றவைக்காமல், கம்பியைச் சுத்தியலால் தட்டியும் சுற்றிக் கட்டியுமே அவர் வேலையை முடித்தார். தட்டிய கம்பி தன் வளைவை விடாமல் பிடித்துக்கொள்வதும் வாசகியின் கம்பி விறைப்பதும் ஒரே காரணத்தால்தான்.

செம்பின் அணுக்கள் ஒழுங்கான அடுக்குகளாக அமைந்தவை. கம்பி வளையும்போது ஓர் அடுக்கு மற்றொன்றின்மேல் வழுக்குகிறது. ஓர் அடுக்கு முழுவதும் ஒரே நேரத்தில் நகர எவ்வளவு விசை வேண்டும் என்று 1926இல் இயற்பியலர் யாக்கோவ் ஃபிரெங்கெல் கணக்கிட்டபோது, கிடைத்த விடை உண்மையான உலோகம் வளையத் தேவைப்படும் விசையைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தது. இந்தப் புதிரை 1934இல் டெய்லர், ஓரோவன், போலன்யி ஆகிய மூன்று அறிவியலாளர்களும் தனித்தனியே அவிழ்த்தனர். விரித்த ஜமுக்காளத்தை மொத்தமாக இழுப்பது கடினம். ஓரத்தில் ஒரு மடிப்பை எழுப்பி அதை மறு ஓரம்வரை தள்ளிக்கொண்டே போனால் ஜமுக்காளம் எளிதாக நகர்ந்துவிடும். உலோகத்திலும் பாதியில் நின்றுபோன அணு அடுக்கு ஒன்றின் விளிம்பு அந்த மடிப்பைப் போல வரிசை வரிசையாக நகர்கிறது. எனக்கு அலுக்காத விஷயம் இதற்கு அடுத்த கட்டம். வளைக்க வளைக்க இத்தகைய விளிம்புகள், அதாவது அணு அடுக்கின் பிசகுகள், தீர்ந்துபோவதில்லை, பெருகுகின்றன. மென்மையான செம்பின் வெட்டுமுகத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 10 லட்சம் முதல் 10 கோடி வரை இருக்கும் பிசகுகள், நன்றாக அடித்தபின் 10,000 கோடியைத் தாண்டிவிடும். அவை ஒன்றன் வழியை மற்றொன்று மறித்துச் சிக்கிக்கொள்வதைத்தான் நம் விரல்கள் விறைப்பாக உணர்கின்றன. நகர இடமே இல்லாதபோது கம்பியில் விரிசல் விழுகிறது.

மங்கிய வெளிச்சத்தில் இலேசாகச் சிவந்து தெரியும்வரை கம்பியைச் சூடாக்கினால் சிக்கல் இல்லாத புதிய படிகங்கள் உள்ளே வளர்ந்து, கம்பி மறுபடி மென்மையாகும். தண்ணீரில் தோய்த்தால் எஃகைப்போல இறுகிவிடும் என்ற அச்சம் பல பட்டறைகளில் உண்டு. தூய செம்புக்கு அது பொருந்தாது, தாராளமாகத் தோய்க்கலாம். மோட்டார்க் கம்பியின்மேல் உள்ள பூச்சை மட்டும் முதலில் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட வேண்டும். எரித்தால் வரும் புகை மூச்சுக்கு ஆகாது.

வாசகி முதலில் கம்பியை மென்மையாக்கி, வடிவத்தை வளைத்து முடித்து, கொக்கியையும் வளையத்தையும் கடைசியாகத் தட்டி விறைக்க வைக்கலாம். கண்ணாடிச் சில்லைச் சுற்றும் பகுதியை மட்டும் தட்டாமல் விட வேண்டும். கண்ணாடியில் வழுக்கிச் செல்ல ஒழுங்கான அடுக்குகளே கிடையாது. விறைத்த கம்பி கொடுக்கும் அழுத்தத்திற்கு அது வளைந்து கொடுக்காமல் நேரே உடைந்துவிடும்.