ட்ரோல்: வம்பிழுப்பு வேறு, கலாய்ப்பு வேறு

தமிழ்ச் செய்தித் தளங்களில் ‘நெட்டிசன்கள் ட்ரோல்’ என்ற தலைப்பு வராத நாள் அரிது. ஒரு நடிகரின் மேடைப் பேச்சோ, ஓர் அமைச்சர் தவறாகச் சொன்ன கணக்கோ, புதிதாக வந்த கைப்பேசியின் விலையோ மீம்களில் கிண்டலடிக்கப்பட்டால் அதை ட்ரோல் என்கிறோம். இந்தப் பொருளில் கேலி செய்பவர் தம் கேலியை மனதாரச் செய்கிறார். கேலிக்கு உள்ளானவர் அதைப் பார்க்க வேண்டிய தேவைகூட இல்லை. முன்பின் அறியாத மனிதர்கள் கணினியைப் பற்றியும் அரசியலைப் பற்றியும் எழுத்தால் வாதிட்டுக்கொண்ட இணைய அரங்குகளில் இச்சொல் பிறந்தபோது அதன் பொருள் வேறாக இருந்தது. தான் நம்பாத ஒன்றை நம்புவதுபோல எழுதி, படிப்பவரைப் பதறிப் பதில் சொல்ல வைத்து, அந்தப் பதிலையே தன் வெற்றியாகக் கொள்வதுதான் அங்கே ட்ரோல். பதில் வராவிட்டால் ட்ரோல் தோற்றது என்று பொருள்.

ஆங்கிலத்தில் ஒரே எழுத்தும் ஒலியும் கொண்ட இரண்டு சொற்கள் இதில் கலந்திருக்கின்றன. ஒன்று பெயர்ச்சொல், பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது, ஸ்காண்டிநேவிய நாட்டார் கதைகளில் மலையிலும் குகையிலும் வாழும் பூதத்தைக் குறிப்பது. மற்றொன்று வினைச்சொல், இரை தேடி அலைவதைக் குறித்த பழைய பிரெஞ்சு வேட்டைச் சொல்லோடு உறவுடையது. பிற்காலத்தில் இவ்வினை மீன்பிடிக்கு வந்தது. மெல்ல நகரும் படகின் பின்னால் இரை மாட்டிய தூண்டில் கயிற்றை நீரில் இழுத்துக்கொண்டே போனால், சூரை, வஞ்சிரம் போன்ற விரைந்து நீந்தும் மீன்கள், ஓடுகிற இரை என்று நம்பித் துரத்தி வந்து கவ்வும். இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது: நம் கடற்கரைச் செய்திகளில் அடிபடும் இழுவலைக்கான ஆங்கிலச் சொல் ட்ரால்; அது வேறு தொழில், வேறு சொல். வலை அகப்பட்டதை எல்லாம் அள்ளும். இந்தத் தூண்டிலிலோ மீன் தானாக வந்து மாட்டவேண்டும். வியட்நாம் போரில் அமெரிக்க விமானிகள், எதிரியின் மிக் போர் விமானங்களை வெளியே வரவழைப்பதற்காகவே பறந்து காட்டுவதையும் இவ்வினையாலேயே குறித்தார்கள். இணைய வழக்கின் வேர் இந்த வினைச்சொல்லில்தான் இருக்கிறது. பாலத்தடியில் பதுங்கும் பூதம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொண்டபின் செயலைக் குறித்த சொல் ஆளையும் குறிக்கலாயிற்று.

டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் 1979-இல் திட்டமிட்டு 1980-இல் தொடங்கிய யூஸ்நெட் என்னும் செய்திப் பரிமாற்ற அமைப்பில்தான் இச்சொல் இணையப் பொருள் பெற்றது. நகர்ப்புறக் கட்டுக்கதைகளை ஆராய்ந்த ஆல்ட்.ஃபோக்லோர்.அர்பன் என்ற குழுவில் 1992-இல் எழுதப்பட்ட ஒரு வரியே ஆக்ஸ்ஃபோர்டு அகராதி காட்டும் தொடக்க கால எடுத்துக்காட்டு. அங்கே வழக்கம் இதுதான்: பல முறை அலசித் தீர்த்த ஒரு கேள்வியை, ஒன்றும் அறியாதவர்போலப் பழைய உறுப்பினர் ஒருவர் மறுபடி எழுப்புவார். மற்றப் பழையவர்கள் சிரித்துக்கொண்டே கடந்துபோவார்கள். புதிதாக வந்தவர் மட்டும், இவ்வளவு அறியாமையா என்று வெகுண்டு, நீண்ட திருத்தம் எழுதுவார். தூண்டில் கவ்வப்பட்டது. ஆளுக்கு ஆள் தீங்கு எண்ணாத, ஓரளவு செல்லமான விளையாட்டாகவே அது இருந்தது.

இவ்விளையாட்டு ஒரு தொழிலாகவே மாறியது தொழில்நுட்பச் செய்திகளைச் சுற்றிய வாதங்களில். ராப் மால்டா 1997-இல் தொடங்கிய ஸ்லாஷ்டாட் தளம் இதற்கு மிகச் சிறந்த சான்று. கணினிச் செய்தி ஒன்றின் கீழ் நூற்றுக்கணக்கானோர் வாதிடுவார்கள். பெயர் சொல்ல விரும்பாதவருக்கு ‘அநாமதேயக் கோழை’ என்ற பட்டத்தைத் தளமே சூட்டும். வாசகர்களுக்குள் சிலருக்கு அவ்வப்போது மதிப்பிடும் உரிமை கிடைக்கும். ஒவ்வொரு கருத்தும் -1 முதல் 5 வரை மதிப்பெண் பெறும். மதிப்பெண்ணோடு காரணச் சீட்டு ஒன்றும் ஒட்டப்படும். நுண்ணோக்குடையது, தகவல் தருவது, வேடிக்கையானது, பொருளுக்குப் புறம்பானது என்ற சீட்டுகளுக்கு நடுவே மதிப்பெண்ணைக் குறைக்கும் இரண்டு சீட்டுகளை அத்தளம் தனித்தனியாக வைத்திருந்ததுதான் நமக்கு முக்கியம். ஒன்று, ‘நெருப்பு மூட்டும் இரை’ என்னும் பொருள்பட அமைந்த ஃபிளேம்பெய்ட்: பிறரை இழித்துச் சினமூட்டுவதை மட்டுமே நோக்கமாகக் கொண்ட வெளிப்படையான வசை. மற்றது ட்ரோல்: சற்று நயமானது, முக்கியமான தகவல்களை வேண்டுமென்றே புரட்டிப் போட்டு, உதவ நினைக்கும் நல்லவர்களைத் திருத்த வரச்செய்வது. வசைக்கும் தூண்டிலுக்கும் இவ்வளவு தெளிவாகக் கோடு கிழித்த வேறு அரங்கை எனக்குத் தெரியாது.

ஒரு மாதிரியை அருகில் வைத்துப் பார்க்கலாம். பி.எஸ்.டி. என்னும் இயங்குதளக் குடும்பம் செத்துக்கொண்டிருக்கிறது, அதை ஓர் ஆய்வு நிறுவனமும் உறுதி செய்துவிட்டது என்று தொடங்கும் பத்தி ஒன்று ஸ்லாஷ்டாட்டில் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப ஒட்டப்பட்டது. அதன் நடை துக்கச் செய்தியின் நடை. இடையிடையே பொய்க் கணக்கு. முடிவில் போலி அனுதாபம். அதில் கெட்ட சொல் ஒன்றும் கிடையாது. அதனாலேயே அக்குடும்பத்தைச் சேர்ந்த ஃப்ரீபி.எஸ்.டி.யை நாள்தோறும் பயன்படுத்தும் ஒருவருக்கு, வாயை மூடிக்கொண்டிருப்பது பெரும்பாடாகிவிடும். அவர் பயனர் எண்ணிக்கையையும் புதிய வெளியீடுகளையும் எடுத்து வைத்து வரிக்கு வரி மறுப்பார். மறுப்பு நீளநீள எழுதியவருக்குக் கொண்டாட்டம். ஃப்ரீபி.எஸ்.டி. இன்றும் புதிய பதிப்புகளை வெளியிட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

எனவே ட்ரோலைத் தீர்மானிப்பது சொல்லின் கடுமை அன்று, சொல்பவரின் மனம். ஆண்ட்ரூ டானன்பாம் என்னும் கணினியியல் பேராசிரியர் 1992 ஜனவரி 29 அன்று, லினக்ஸ் காலாவதியானது என்று தலைப்பிட்டு யூஸ்நெட்டில் எழுதினார். லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவரும் அப்போது 22 வயது ஹெல்சிங்கி மாணவருமான லினஸ் டார்வால்ட்ஸ் கொதித்துப் பதில் எழுதினார். பேராசிரியரோ, நீ என் மாணவனாக இல்லாதது உன் நல்ல காலம், இந்த வடிவமைப்புக்கு என்னிடம் நல்ல மதிப்பெண் கிடைத்திருக்காது என்ற பொருள்பட எழுதினார். தலைப்பை மட்டும் பார்த்தால் அசல் தூண்டில்தான். ஆனால் இயங்குதளத்தின் கருவகம் (கெர்னல்) ஒரே கட்டாக இருக்கலாகாது என்பதை டானன்பாம் உண்மையாகவே நம்பினார். இருவரும் தத்தம் கொள்கைக்காகவே மோதினார்கள். அது சொற்போர், ட்ரோல் ஆகாது.

மனத்தை அளக்க யாரிடமும் கோல் இல்லை என்பதால் இச்சொல் விரைவில் ஆயுதமாயிற்று. ஸ்லாஷ்டாட்டில் ‘உடன்படவில்லை’ என்ற சீட்டு கிடையாது. ஆகவே பிடிக்காத கருத்துக்கு, குறிப்பாக அரசியல் வாதங்களில், ட்ரோல் சீட்டை ஒட்டுகிறார்கள் என்ற குறை ஓயாமல் எழுந்தது. வரிக்கொள்கை பற்றித் தாம் மெய்யாகவே நம்புவதை ஒருவர் எழுதினால், எதிர்க்கட்சிக்காரர் அவருக்கு விடை சொல்லத் தேவையில்லை; ட்ரோல் என்று சொல்லிவிட்டால் போதும், அவர் பேச்சு கணக்கில் வராது. தூண்டில் போடுபவரைக் குறித்த சொல், இப்படி எதிராளியை அவையிலிருந்து தள்ளும் சொல்லாகவும் உருமாறியது. தூண்டில்காரரைவிட இந்தப் பயன்பாடு வாதத்துக்கு அதிகக் கேடு செய்தது என்பது என் கணிப்பு.

பொருள் விரிவு அத்தோடு நிற்கவில்லை. 2010-க்குப் பிந்தைய ஆண்டுகளில், இறந்தவர்களின் நினைவுப் பக்கங்களில் இழிசொல் எழுதியவர்களையும் பெண்களுக்குக் கொலைமிரட்டல் விடுத்தவர்களையும் பிரிட்டிஷ் நாளேடுகள் ட்ரோல் என்றே குறித்தன. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் சம்பளத்துக்கு ஆளமர்த்திப் பொய்க் கணக்குகளால் அரசியல் கருத்துகளைப் பரப்பிய இணைய ஆய்வு முகமை ‘ட்ரோல் தொழிற்சாலை’ எனப்பட்டது. 2018 பிப்ரவரியில் அமெரிக்கச் சிறப்பு வழக்கறிஞர் ராபர்ட் மியூலரின் அலுவலகம் அம்முகமை உள்ளிட்ட மூன்று அமைப்புகள் மீதும் 13 ரஷ்யர்கள் மீதும் குற்றம் சாட்டியது. மிரட்டல் குற்றம், கூலிக்குப் பரப்புவது பிரசாரம். குறும்பைக் குறித்த சொல்லை இவற்றுக்கும் நீட்டியதால் குற்றம் குறும்பாகத் தெரிகிறது. குறும்பு குற்றமாகத் தெரிகிறது. எரிச்சலூட்டும் செய்தி அனுப்புவதையே தண்டனைக்குரியதாக்கிய இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு இந்த இரண்டாவது வகைக் குழப்பத்துக்கு நல்ல சான்று. அதன் சொற்கள் வரையறை அற்றவை என்று கூறி, உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-இல் அப்பிரிவையே நீக்கியது.

இனி, தமிழுக்கு வந்த ட்ரோல். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், ‘எள்ளல் இளமை பேதைமை மடன்’ என நகை பிறக்கும் இடங்கள் நான்கைச் சொல்கிறது. வெகுளி பிறக்கும் இடங்களை வேறாகச் சொல்கிறது. ஆங்கில ட்ரோல் எதிராளியிடம் வெகுளியை எழுப்ப முயல்வது. தமிழ் ட்ரோல் கூடியிருப்போரிடம் எள்ளலால் நகையை எழுப்ப முயல்வது. மெய்ப்பாடே வேறாக இருக்கும்போது இரண்டையும் ஒரே தமிழ்ச்சொல்லால் பெயர்க்க முனைவதுதான் இதுவரை வந்த பெயர்ப்புகள் தடுமாறக் காரணம். மீம் போட்டுக் கிண்டலடிப்பதற்குச் சென்னைப் பேச்சிலிருந்து எங்கும் பரவிய ‘கலாய்த்தல்’ இருக்கிறது. எழுத்து நடைக்கு எள்ளல், பகடி, நையாண்டி என்று ஒரு வரிசையே இருக்கிறது. சொல்லுக்குப் பஞ்சமில்லாத இடத்தில், தமிழ் மரபில் மொழிக்கு முதலில் வாராத டகரத்தைக் கொண்ட ஒரு சொல்லை எதற்குக் கடன் வாங்கினோம் என்று தெரியவில்லை.

தூண்டில் வகைக்குத்தான் ஆராய்ச்சி வேண்டும். ‘விதண்டாவாதம்’ என்பார் உண்டு. இந்தியத் தருக்க மரபான நியாயத்தின் நூலார் வாதம், சற்பம், விதண்டை என மூன்றாகப் பிரித்ததில், தன் கட்சி எதையும் நிறுவாமல் பிறர் கட்சியை மறுப்பது மட்டுமே விதண்டை. விதண்டைக்காரர் வாதத்துக்குள் நிற்கிறார்; ட்ரோல் செய்பவரோ வாதத்தையே பாசாங்காகக் கொள்கிறார். ‘குதர்க்கம்’ என்பதற்கும் இதே தடை. ‘சீண்டல்’ நெருங்கி வருகிறது. ஆயினும் பெண்கள் எதிர்கொள்ளும் பாலியல் தொல்லையைக் குறித்துச் செய்திகளில் அது நிலைத்துவிட்டதால், குறும்புக்கு அதை ஆள்வது முறையாகாது. ‘விஷமி’ ஆளைச் சொல்கிறது, செயலின் தூண்டும் தன்மையைச் சொல்லவில்லை.

நான் முன்வைப்பது ‘வம்பிழுத்தல்’. வேண்டுமென்றே வீண்சண்டைக்கு இழுப்பது என்ற பேச்சு வழக்கு எல்லாருக்கும் தெரிந்ததே. படகின் பின்னே கயிற்றை இழுத்துச் சென்ற வினைக்கு இதிலுள்ள ‘இழு’ தற்செயலாகவேனும் பொருந்துகிறது. ட்ரோலுக்குத் தீனி போடாதே என்று ஆங்கில அரங்குகள் புதியவர்களுக்குச் சொல்லிவந்த அறிவுரைக்கு ‘வம்பை விலைக்கு வாங்காதே’ என்ற தொடர் நம்மிடம் ஆயத்தமாகவே இருக்கிறது. பழைய நூல்களில் வம்பு என்பதற்குச் சண்டை என்ற பொருள் இல்லை. ‘வம்பு நிலையின்மை’ என்பது தொல்காப்பிய உரியியல்; ஊருக்குப் புதியவரை, வழிப்போக்கரைச் சங்கப் பாடல்கள் ‘வம்பலர்’ என்கின்றன; அகநானூற்றில் ‘வம்ப மோரியர்’, அதாவது புதிதாக வந்த மோரியர், வருகிறார்கள். நிலையற்றது, வீணானது, வீண்சண்டை எனப் பொருள் நகர்ந்தது என்று கொள்ள இடமுண்டு. புதியவரைக் குறிவைத்தே யூஸ்நெட்டில் தூண்டில் போடப்பட்டது என்பதை நினைத்தால், வம்பும் வம்பலரும் ஒரு வேரில் நிற்பது சுவையானது.

அதைவிடச் சுவையானது குறுந்தொகையின் 66-ஆம் பாட்டு. தலைவன் சொன்ன கார்காலம் வரவில்லை, கொன்றை மட்டும் பூத்துவிட்டது. தலைவி கலங்குகிறாள். தோழி, கொன்றைகள் அறிவற்றவை, ‘வம்ப மாரியைக் கார் என மதித்தே’ பூத்துவிட்டன என்கிறாள். பருவமில்லாப் பருவத்தில் பெய்த பொய்மழையை மெய்யான கார் என்று நம்பி, கொத்துக் கொத்தாக மலர்ந்து நிற்கிற கொன்றையும், துக்கச் செய்தி நடையில் எழுதப்பட்ட பொய்யை மெய்யென்று கொண்டு வரிக்கு வரி மறுப்பெழுதும் பயனரும் செய்வது ஒன்றே. தோழி மழையைக் குறை கூறவில்லை என்பதையும் கவனிக்கலாம். ‘மடவ’, அதாவது அறிவற்றவை, என்றது மரத்தைத்தான்.

வழக்கில் ஆள்வதற்கு: செயல் வம்பிழுப்பு; செய்பவர் வம்பிழுப்பவர்; அதற்காக எழுதப்படுவது வம்புப் பதிவு. ஃபிளேம்பெய்ட் வசை, சம்பளத்துக்கு எழுதுவது கூலிப் பிரசாரம், மிரட்டல் மிரட்டலே. மீம் போட்டுச் சிரிப்பது கலாய்ப்பு. ‘காப்புரிமை ட்ரோல்’ ஒன்றுக்குத்தான் இவற்றுள் எதுவும் பொருந்தாது. எதையும் தயாரிக்காமல் காப்புரிமைகளை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு வழக்குப் போட்டுப் பணம் பெறும் நிறுவனங்களைச் சுட்டும் அத்தொடர், தூண்டிலிலிருந்து வந்ததன்று. பாலத்தைக் கடப்பவரை மறிக்கும் நார்வேப் பூதத்தின் வழியில் நிற்பது. ஆகவே அதைக் காப்புரிமைப் பூதம் என்பதே சரி. இன்டெல் நிறுவன வழக்கறிஞராக இருந்த பீட்டர் டெட்கின் 2001 அளவில் அத்தொடரைப் பரப்பினார். அவர் பின்னாளில் போய்ச் சேர்ந்த நிறுவனத்தையும் விமர்சகர்கள் அதே பெயரால்தான் அழைத்தார்கள்.