கிளப்: மகளிர் அணியா, மகளிர் மன்றமா?

அமெரிக்கத் தேர்தல் செய்திகளைத் தமிழில் படிக்கும்போது ‘குடியரசுக் கட்சியின் மகளிர் அணி’ என்ற தொடர் அவ்வப்போது கண்ணில் படும். ஏதோ ஒரு கவுன்டியில் (நம் மாவட்டம் போன்ற பகுதி) மதிய விருந்துக் கூட்டம் நடந்திருக்கும், வேட்பாளர் வந்து பேசியிருப்பார், கூட்டத்தை நடத்தியவர்கள் ‘ரிப்பப்ளிகன் விமன்ஸ் கிளப்’ என்ற உள்ளூர் அமைப்பினர். மொழிபெயர்ப்பவரின் கை பழக்கத்தில் ‘மகளிர் அணி’ என்று எழுதிவிடுகிறது. நம் கட்சிகளில் மகளிர் அணி இருப்பதால் படிப்பவருக்கும் உறுத்துவதில்லை. எனக்கு உறுத்துகிறது. அந்த ஒரு சொல்லால் அங்குள்ள பெண்களின் நூறாண்டு உழைப்பின் தன்மையே மாறிப்போகிறது.

அணி என்பது கட்சி அமைப்பது. அதன் பொறுப்பாளர்களைத் தலைமை அறிவிக்கும். அணி கலைக்கப்பட்டால் மறுநாள் அது இல்லை. கிளப் அப்படியல்ல. ஊரில் உள்ள பெண்கள் தாமே கூடி, ஆண்டுச் சந்தா கட்டி, தமக்கென விதிமுறை எழுதி, தலைவர், செயலாளர், பொருளாளரைத் தம் வாக்கால் தேர்ந்தெடுத்து நடத்துவது. கட்சிக்கு உழைக்கும், ஆனால் கட்சியின் உறுப்பு அல்ல. இந்த இடைவெளி எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில்தான் அந்தப் பெண்களுக்கும் கட்சிக்கும் இடையே பலமுறை இழுபறி நடந்திருக்கிறது.

‘கிளப்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதற்பொருள் தடி. முனை பருத்த கைத்தடி. பழைய நார்ஸ் மொழியின் ‘குளுப்பா’விலிருந்து வந்தது என்பார்கள். தடியின் முனைபோல் திரளுதல் என்ற பொருளில் அது வினையாகி, 17ஆம் நூற்றாண்டில் ‘ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பொதுச் செலவைப் பார்த்துக்கொள்ளுதல்’ என்ற பொருளுக்கு வந்து நின்றது. லண்டனின் மதுக்கடைகளிலும் காப்பிக் கடைகளிலும் செலவைப் பங்குபோட்டு உட்கார்ந்து பேசிய கூட்டங்களுக்கு அதுவே பெயரானது. ஆக, கிளப் என்ற சொல்லின் உயிர் சந்தாவில் இருக்கிறது. தன் காசு போட்டவருக்கு அங்கே உரிமை உண்டு.

தமிழில் இச்சொல் வேறு வழியில் போயிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு ஊர்களில் சிற்றுண்டிக் கடைக்குக் ‘காப்பி கிளப்’ என்றுதான் பெயர். அந்தக் காலத்துக் கதைகளில் ‘கிளப்புக்குப் போய்ச் சாப்பிட்டான்’ என்று வந்தால் ஓட்டலில் சாப்பிட்டான் என்று பொருள். பிற்பாடு சீட்டாட்டமும் மதுவும் உள்ள இடத்தைக் குறித்து, அரசு ஆவணங்களில் ‘மனமகிழ் மன்றம்’ ஆகிவிட்டது. இந்த இரண்டு நினைவும் ஒட்டிக்கொண்டிருப்பதால் ‘பெண்கள் கிளப்’ என்று அப்படியே எழுதினால் தமிழ் வாசகர் மனத்தில் வேறொரு படம் எழும். ஒலிபெயர்த்து விட்டுவிடலாமே என்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

அமெரிக்காவில் பெண்கள் கிளப் என்பது ஓர் இயக்கத்தின் பெயர். 1868இல் எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்சுக்கு நியூயார்க்கில் பத்திரிகையாளர் மன்றம் விருந்தளித்தது. பெண் பத்திரிகையாளர்களுக்கு அங்கே இடம் தரவில்லை. அதில் மனம் புண்பட்ட ஜேன் கன்னிங்காம் குரோலி சில தோழியரோடு ‘சொரோசிஸ்’ என்ற பெண்கள் மன்றத்தைத் தொடங்கினார். நாடெங்கும் இப்படி முளைத்தவை 1890இல் பொதுக் கூட்டமைப்பாக ஒன்றிணைந்தன. கட்டுரை வாசிப்பது, விவாதிப்பது, ஊருக்கு நூலகம் கேட்டுப் போராடுவது என்று இருந்தவர்கள்தான் மெல்ல அரசியலுக்குள் வந்தார்கள். நாடு தழுவிய வாக்குரிமை பெண்களுக்குக் கிடைத்தது 1920இல். அதற்கு 32 ஆண்டுகள் முன்பே, 1888இல், ஜூடித் எல்லன் ஃபாஸ்டர் குடியரசுக் கட்சிக்காகப் பெண்களின் தேசியச் சங்கம் ஒன்றைக் கட்டியிருந்தார். வாக்கே இல்லாதவர்கள் வாக்குக் கேட்டுப் போனார்கள். 

இன்னோர் எடுத்துக்காட்டு எனக்கு மிகவும் பிடித்தது. இல்லினாய் மாநிலம் 1913இல் பெண்களுக்கு நகராட்சித் தேர்தலிலும் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் வாக்களிக்கும் உரிமை தந்தது. அதே ஆண்டு சிகாகோவில் கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் ‘ஆல்ஃபா வாக்குரிமை மன்ற’த்தை நிறுவினார். மன்றத்துப் பெண்கள் வீடு வீடாகப் போய் வாக்காளர்களைப் பதிவு செய்தார்கள். ஆண்கள் கேலி செய்ததையும் பொருட்படுத்தவில்லை. 1915இல் குடியரசுக் கட்சியின் ஆஸ்கர் டி பிரீஸ்ட் அந்நகரின் முதல் கறுப்பின மாமன்ற உறுப்பினரானதில் அவர்களின் கால் தேய்ந்த நடைக்குப் பெரும்பங்கு உண்டு.

1921இல் நியூயார்க்கில் ஹென்ரியெட்டா வெல்ஸ் லிவர்மோர் முயற்சியில் மகளிர் தேசியக் குடியரசு மன்றம் தொடங்கியது. மேற்கு 51ஆம் தெருவில் அவர்கள் எழுப்பிய சொந்தக் கட்டடம் இருக்கிறது. பிரிட்டனோடு ஒப்பிட்டால் இதன் அருமை தெரியும். அங்கே கன்சர்வேட்டிவ் கட்சியினரின் கோட்டையான கார்ல்டன் கிளப் 1832இல் தொடங்கியது. பெண்களை முழு உறுப்பினராக ஏற்றது 2008இல். நடுவே மார்கரெட் தாட்சர் கட்சித் தலைவரானபோது கௌரவ உறுப்பினர் என்று வழிகண்டு உள்ளே விட்டார்கள்.

பிரிட்டனில் பெண்களுக்குக் கட்சிப்பணி வாய்த்தது வேறொரு பெயரில். 1883இல் தேர்தல் செலவுக்குச் சட்டம் கடுமையான வரம்பு விதித்தது. கூலிக்கு ஆள் வைத்து வாக்குக் கேட்பது முடியாமல் போனதால் தொண்டர்கள் தேவைப்பட்டார்கள். அதே ஆண்டு, கன்சர்வேட்டிவ் கட்சியின் மறைந்த பிரதமர் டிஸ்ரேலிக்குப் பிடித்த மலரின் பெயரால் ‘பிரிம்ரோஸ் லீக்’ பிறந்தது. பெண்களும் சேர்ந்தார்கள், 1885இல் அவர்களுக்கெனத் தனிப் பேரவையும் வந்தது. ஆனால் அது மேலிருந்து கட்டிய அமைப்பு. ஆண் உறுப்பினருக்கு ‘நைட்’, பெண்ணுக்கு ‘டேம்’ என்று பட்டங்கள். கிளைக்குக் ‘குடியிருப்பு’ என்று பெயர். அதைத் தமிழில் அணி என்றால்கூட ஒருவாறு பொருந்தும். அமெரிக்கக் கிளப்புக்குப் பொருந்தாது.

மன்றத்துக்கும் கட்சிக்கும் இடையிலான அந்த இடைவெளிக்கு வருகிறேன். 1930களில் குடியரசுக் கட்சி மகளிர் மன்றங்கள் ஏராளமாகப் பெருகிவிட்டன. ஒவ்வொன்றும் ஒரு பக்கம் இழுத்தது. மெய்ன் மாநிலத்துக்காரரும் கட்சித் தேசியக் குழுவின் துணைத் தலைவருமான மேரியன் மார்ட்டின் 1938இல் சிகாகோவில் அவற்றைக் கூட்டித் தேசியக் கூட்டமைப்பை உண்டாக்கினார். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி போட்டியில் மன்றம் எவர் பக்கமும் சாயக்கூடாது என்பது அவர் வலியுறுத்திய ஒழுங்கு. கட்சி யாரை நிறுத்துகிறதோ அவருக்கு உழைக்க வேண்டும். மன்றங்களுக்கு நாடு தழுவிய குரல் கிடைத்தது, கூடவே கடிவாளமும் வந்தது.

கடிவாளம் இறுகியது 1967இல் வெளிப்பட்டது. இல்லினாய் மாநிலக் கூட்டமைப்பை நடத்தியவரும் தேசிய அமைப்பின் முதல் துணைத் தலைவருமான ஃபிலிஸ் ஷ்லாஃப்ளி, தலைவர் பதவிக்குப் போட்டியிட்டார். அவர் கட்சியின் வலதுசாரிப் பிரிவைச் சேர்ந்தவர். கட்சி மேலிடத்துக்கு உகந்தவரான கலிஃபோர்னியாவின் கிளாடிஸ் ஒடானலிடம் வாஷிங்டன் மாநாட்டில் தோற்றார். தேர்தல் நேர்மையாக நடக்கவில்லை என்று அவருடைய ஆதரவாளர்கள் கொதித்தார்கள். சில மாதங்களில் அவர் சொந்தமாகச் செய்திமடல் தொடங்கினார். ஆண், பெண் சம உரிமையை அரசமைப்பில் சேர்க்கும் சம உரிமைத் திருத்தத்தை நாடாளுமன்றம் 1972இல் நிறைவேற்றி மாநிலங்களுக்கு அனுப்பியபோது, அதை எதிர்க்க அவரிடம் ஊர் ஊராகப் பெண்களின் பட்டியல் தயாராக இருந்தது. மன்றக் கூட்டங்களில் பழகிய பெண்கள் அவர்களில் பலர். வீட்டில் சுட்ட ரொட்டியை இல்லினாய் சட்டமன்ற உறுப்பினர்களின் மேசைக்கே கொண்டுபோய்க் கொடுத்து வாதாடினார்கள். 38 மாநிலங்களின் ஒப்புதல் வேண்டியிருந்தது. 35க்கு மேல் போகவில்லை. 1982இல் காலக்கெடு முடிந்தது.

அவருடைய நிலைப்பாட்டில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் கட்சி மேலிடம் வேண்டாம் என்று ஒதுக்கிய ஒரு பெண், மன்றத்தில் கற்ற அமைப்புத் திறனை வைத்தே தேசிய அரசியலைத் திருப்பினார் என்பதை மறுக்க முடியாது. அணியின் பதவியிலிருந்து நீக்கப்பட்டவருக்கு இது எளிதில் வாய்க்காது.

உள்ளூர் மன்றக் கூட்டம் எப்படி நடக்கும் என்றும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் மாதம் ஒருமுறை, நூலகக் கூடத்திலோ உணவகத்தின் பின்னறையிலோ. தொடக்கத்தில் இறைவணக்கம், பிறகு நெஞ்சில் கைவைத்துக் கொடிக்கு உறுதிமொழி. சட்டையில் கட்சியின் யானைச் சின்னம் குத்தியிருப்பார்கள், உடையில் கட்சியின் நிறமான சிவப்பு இருக்கும். சென்ற கூட்டக் குறிப்பு, பொருளாளர் அறிக்கை, ஒருவர் முன்மொழிய இன்னொருவர் வழிமொழிய வாக்கெடுப்பு என்று எல்லாம் 1876இல் ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்ற ராணுவப் பொறியாளர் தொகுத்த கூட்ட நடைமுறை விதிகளைத் தழுவியே நடக்கும். சாப்பாட்டோடு பேச்சாளர். பேச வருபவர் கவுன்டியின் காவல் தலைவரான ஷெரீஃபாக இருக்கலாம், பள்ளி வாரிய வேட்பாளராக இருக்கலாம். கவுன்டிச் சந்தையில் கடைபோட்டு வாக்காளர் பதிவு செய்வது, வீட்டு முற்றங்களில் வேட்பாளர் பலகை நடுவது, அஞ்சல் உறைகளில் துண்டறிக்கை திணிப்பது, வாக்குச்சாவடிப் பணிக்கு ஆள் அனுப்புவது இவர்களின் வேலை. அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த ஐசனாவரின் மனைவி மேமியின் பெயரில் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் புத்தகம் வாங்கித் தரும் திட்டமும் கூட்டமைப்புக்கு உண்டு.

இனித் தமிழ்ச் சொல். ‘கழகம்’ சரிவராது. குறளில் கழகம் என்றால் சூதாடும் இடம். ‘பழகிய செல்வமும் பண்பும் கெடுக்கும் கழகத்துக் காலை புகின்’ என்பது 937ஆம் குறள். இன்று அச்சொல் கட்சிப் பெயர்களில் நிலைத்துவிட்டதால் கட்சியையே குறிப்பதாகப் படும். ‘மாதர் சங்கம்’ பொருளளவில் மிக நெருங்கி வருகிறது. 1917இல் சென்னை அடையாற்றில் மார்கரெட் கசின்ஸ், அன்னி பெசன்ட் முதலியோர் தொடங்கிய இந்திய மாதர் சங்கம் உண்மையிலேயே இதே வார்ப்பு: உறுப்பினர் சேர்த்து, கிளை பரப்பி, வாக்குரிமை கேட்ட அமைப்பு. ஆனால் 1981இல் பிறந்த அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தின் பணியால் இன்று தமிழ்நாட்டில் மாதர் சங்கம் என்றதும் இடதுசாரிப் போராட்டம் நினைவுக்கு வருகிறது. வலதுசாரி அமைப்புக்கு அப்பெயரைச் சூட்டினால் வாசகர் குழம்புவார்.

எஞ்சுவது மன்றம். ஊர்நடுவே மரத்தடியில் எல்லோரும் கூடும் வெளிதான் பழைய மன்றம்; ‘மன்றப் பலவின் மாச்சினை மந்தி’ என்று புறநானூறு 128ஆம் பாடல் தொடங்குகிறது, அது மன்றத்துப் பலாமரம். அது எவருக்கும் பொது, கிளப்போ சந்தா கட்டியவருக்கு மட்டும் என்று மறுக்கலாம். ஆனால் இலக்கிய மன்றம், மாணவர் மன்றம், ரசிகர் மன்றம் என்று புழங்கிப் புழங்கி, விருப்பமுள்ளவர்கள் கைக்காசு போட்டுத் தாமாகத் தொடங்கும் அமைப்பு என்ற பொருள் அதில் ஊறிவிட்டது. கிராமங்களில் மகளிர் மன்றமும் பழகிய பெயர். ஆகவே ‘குடியரசுக் கட்சி மகளிர் மன்றம்’ என்று எழுதுவதே என் பரிந்துரை. ‘கட்சியின்’ என்று உடைமை உருபு சேர்க்காமல் இருப்பது நல்லது.

இம்மன்றங்களைப் பற்றி எழுதும்போது கூடவே வரும் இன்னொரு சொல் ‘கன்சர்வேட்டிவ்’. அதற்குப் ‘பழமைவாத’ என்று எழுதுவது பரவிவிட்டது. லத்தீனில் கன்சர்வாரே என்றால் காத்தல், பேணல். 1818இல் பிரான்சில் எழுத்தாளர் ஷாத்தோபிரியான் நடத்திய இதழின் பெயரில் அரசியல் நிறம் பெற்று, 1830இல் லண்டன் இதழொன்றின் கட்டுரை வழியாகக் கட்சிப் பெயராகப் புழங்கத் தொடங்கியது. தமிழில் பழமைவாதி என்பது வசை. சாதியையும் மூடநம்பிக்கையையும் தாங்கிப் பிடிப்பவர் என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார். ‘பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல’ என்ற நன்னூல் வரி நம் வாயில் பழமொழியாகவே புழங்குவது. ஆனால் தம்மைப் பெருமையோடு அப்பெயரால் அழைத்துக்கொள்ளும் பெண்களுக்கு வசைச்சொல்லை ஒட்டுவது மொழிபெயர்ப்பு ஆகாது. ‘மரபு பேணும்’ என்றால் மூலத்தின் வேரும் வரும், ஆதரவாளரும் எதிர்ப்பாளரும் ஏற்பார்கள். ‘தற்காத்துத் தற்கொண்டாற் பேணி’ என்று 56ஆம் குறள் பெண்ணுக்கு வகுப்பது இவ்விரு வினைகளைத்தான். வீட்டைக் காப்பதே எங்கள் அரசியல் என்று அந்த அமெரிக்கப் பெண்கள் பலர் சொல்லி வந்ததும் இதே திசையில்தான்.

ஆனால் ஒன்று. குடியரசுக் கட்சி மகளிர் மன்றம் என்று கண்டதும் ‘மரபு பேணும்’ என்ற அடைமொழியைத் தானாகச் சேர்த்துவிடக் கூடாது. ஐடா வெல்சின் மன்றத்துக்கு அது பொருந்தாது. சம உரிமைத் திருத்தத்தை முதலில் தேர்தல் அறிக்கையில் ஏற்ற பெரிய கட்சி இதுவே, 1940இல். அதைக் கைவிட்டது 1980இல். அந்த நாற்பது ஆண்டுகளில் மன்றக் கூட்டங்களில் திருத்தத்தை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்திருக்கிறார்கள்.

கடைசியாகத் துணைச்சொல் ஒன்று. இம்மன்றங்களில் ஆண்களும் சந்தா கட்டிச் சேரலாம். கூட்டத்துக்கு வரலாம், சாப்பிடலாம், பலகை நடலாம். வாக்கு மட்டும் இல்லை. அவர்களுக்குள்ள ‘அசோசியேட்’ தகுதியைச் சிலர் ‘இணை உறுப்பினர்’ என்று எழுதுகிறார்கள். இணை என்றால் சமம் என்று தொனிக்கும். ‘துணை உறுப்பினர்’ என்று எழுதுங்கள்.