கண்புரைக்கும் கொலஸ்ட்ராலுக்கும் என்ன சம்பந்தம்?

"ரத்தத்துல கொழுப்பு ஜாஸ்தி டாக்டர், அதான் கண்ணுல புரையா படிஞ்சிருச்சா?" கண் மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இல்லை. லென்ஸுக்குள் இருக்கும் புரதங்கள் நிலைகுலைந்து, திரண்டு, ஒளியைச் சிதறடிப்பதுதான் புரை. ரத்தக் கொழுப்பு கண்ணில் தன்னைக் காட்டும் இடங்கள் வேறு: இமையோரத்தில் மஞ்சள் திட்டு, சிறு வயதிலேயே கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம்.

லென்ஸ் தெளிவாக இருப்பதற்கே கொலஸ்ட்ரால் வேண்டும். மற்ற செல்களின் சவ்வில் ஒரு பாஸ்போலிப்பிட் (சவ்வின் அடிப்படைக் கொழுப்பு) மூலக்கூறுக்குக் கொலஸ்ட்ரால் பெரும்பாலும் ஒன்றைத் தாண்டாது. வயதானவரின் லென்ஸ் நடுப்பகுதியில் அது 3, 4 வரை போகும். லென்ஸுக்கு ரத்தக் குழாய் கிடையாது. தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலை அதன் வெளிப்புறச் செல்களே தயாரிக்கின்றன. உள்ளே இருக்கும் நார்ச்செல்களுக்கோ உட்கரு இல்லை, மைட்டோகாண்ட்ரியா இல்லை. பிறப்பதற்கு முன் உருவான சவ்வு ஆயுள் முழுக்க உழைக்க வேண்டும்.

அந்த நார்கள் அறுகோணமாக, ஒளியைச் சிதறவிடாத அளவுக்கு நெருங்கி நிற்கின்றன. ஒரு நாரின் விளிம்பில் உள்ள குமிழ் அடுத்ததன் குழியில் பொருந்தும். கனெக்சின் 46, 50 புரதங்களால் ஆன இடைவெளிச் சந்திகள் (செல்லுக்குச் செல் உள்ள நுண்வழிகள்) வழியாகத்தான் குளூட்டதயோன் போன்ற பாதுகாப்புப் பொருட்கள் நடுவரை போய்ச் சேர்கின்றன. சவ்வுப் புரதத்தில் ஏறக்குறையப் பாதி, நீரைக் கடத்தும் அக்வாபோரின் 0. அது சதுர வரிசையாக அடுக்கி நிற்கக் கொலஸ்ட்ரால் துணை செய்கிறது.

லென்ஸின் இந்தக் கொலஸ்ட்ரால் தயாரிப்பைத் தடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு டிரைபரனால் சாட்சி. கொலஸ்ட்ரால் உருவாகும் கடைசிப் படியைத் தடுத்த அந்த மருந்து, சாப்பிட்டவர்களுக்குப் புரை வந்ததால் 1962ல் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டது. இன்று கொலஸ்ட்ராலைக் குறைக்கத் தரும் ஸ்டாட்டின் மாத்திரையின் கதை வேறு. மிக அதிக அளவு கொடுத்த நாய்களுக்குப் புரை வந்தது உண்மை. மனிதர்களிடம் செய்த ஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை. மாரடைப்பைத் தடுக்கத் தரும் மாத்திரையைப் புரைக்குப் பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள்.

உண்மையில் பயப்பட வேண்டிய இடம் குழந்தைகள். கைக்குழந்தையிலிருந்து விடாத வயிற்றுப்போக்கு, பள்ளி வயதில் இரு கண்ணிலும் புரை, பிறகு குதிகால் தசைநாணில் கட்டி, நடையில் தள்ளாட்டம் என்று வந்தால் செரிப்ரோடெண்டினஸ் சாந்தோமட்டோசிஸை நினைக்க வேண்டும். கொலஸ்ட்ரால் சரியாகப் பித்த அமிலமாக மாறாமல், கொலஸ்டனால் என்ற கொழுப்பாக உடலில் சேரும் பரம்பரை நோய் இது. CYP27A1 என்ற மரபணுவின் பழுதான பிரதி தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய் வரும். சொந்தத்தில் திருமணம் செய்த குடும்பங்களில் கூடுதலாகக் கேட்டுப் பாருங்கள். சாதாரண லிப்பிட் பரிசோதனை நார்மலாகவே இருக்கலாம். கேட்க வேண்டியது ரத்த கொலஸ்டனால் அளவு. புரையை மட்டும் எடுத்துவிட்டு அனுப்பினால் மூளைப் பாதிப்பு உள்ளே தொடரும். கீனோடீஆக்சிகோலிக் அமிலம் என்ற பித்த அமில மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவுக்கு அதைத் தடுக்கலாம்.