டிஸ்க்கை விடுங்கள், லைனை எண்ணுங்கள்

சென்னை தம்பு செட்டித் தெருவில் கஸ்டம்ஸ் கிளியரிங் பார்க்கும் அலுவலகம் ஒன்றிலிருந்து சென்ற வாரமும் அதே கேள்வி வந்தது: “வாய்ஸ் மெயிலுக்கு எத்தனை டிபி டிஸ்க் வாங்கலாம்?” வடிவமைப்பு என்று அவர்கள் அனுப்பிய தாளில் ஒரு சர்வர், ஒரு போன், நடுவே ஒரு கோடு, அவ்வளவுதான்.

பேச்சைச் சுருக்காமல் டிஜிட்டலாக்கும் ஜி.711 முறையில் பேச்சுக்கு நொடிக்கு 64 கிலோபிட், அதாவது நிமிடத்துக்கு 480 கிலோபைட் பிடிக்கும். 1 டிபி டிஸ்க்கில் சுமார் 20 லட்சம் நிமிடம் அடங்கும். ஒரே லைனில் இரவு பகலாகப் பேசிக்கொண்டிருந்தாலும் அது நிரம்ப மூன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். தயவுசெய்து டிஸ்க்கை மறந்துவிடுங்கள்.

தடை வருவது போர்ட்டில், அதாவது ஒரே நேரத்தில் வாய்ஸ் மெயில் எடுக்கக்கூடிய லைன்களின் எண்ணிக்கையில். துறைமுக கேட்டில் கன்டெய்னர் லாரிகள் தேங்கி நிற்கும் காலையில் டிரைவர், பார்ட்டி, சி.எஃப்.எஸ். (கன்டெய்னர் சரக்கு நிலையம்) எல்லோரும் ஒரே நேரத்தில்தான் அழைப்பார்கள். ஒரு மணி நேரத்தில் 60 அழைப்பு, ஒவ்வொன்றும் 2 நிமிடம் என்றால், சராசரியாக இரண்டு லைன்தானே என்று இரண்டு போர்ட்டோடு நிறுத்துகிறார்கள். டென்மார்க் கணித அறிஞர் எர்லாங் 1917-லேயே வெளியிட்ட சூத்திரப்படி, அப்படிச் செய்தால் 100 அழைப்பில் 40-க்கு என்கேஜ் ஒலிதான் கேட்கும். அதை ஒன்றுக்கும் கீழே கொண்டுவர 7 போர்ட் வேண்டும். நூறாண்டு பழைய கணக்கை இன்னும் நான் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்து, பதிவான செய்தி யாரிடம் போகிறது, அவர் கால் மணி நேரத்தில் கேட்காவிட்டால் யாருக்கு மாறுகிறது என்பதை அந்தத் தாளிலேயே எழுதுங்கள். கேட்க ஆளில்லாத பெட்டிக்கு எந்த சர்வரும் உதவாது. (லைனில் பேச்சைச் சுருக்கி அனுப்பும் ஜி.729 முறையைப் போடுபவர்கள், பட்டன் ஒலியைப் பேச்சோடு கலந்து அனுப்பாமல் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் “1-ஐ அழுத்தவும்” என்பது வேலை செய்யாது.)

வாய்ஸ் மெயில் பெட்டியைத் திறக்கும் பின் நம்பரை 1234 என்றோ எக்ஸ்டென்ஷன் எண்ணாகவோ வைக்கவே வைக்காதீர்கள். பெட்டிக்குள்ளிருந்து வெளியே டயல் செய்யும் வசதியைப் பூட்டுங்கள். பின்னைக் கண்டுபிடித்தவன் விடிய விடிய ஐ.எஸ்.டி. பேசுவான், பில் உங்கள் பெயருக்கு வரும். சர்வரைத் தரைத்தளத்தில் வைக்க வேண்டாம் என்பதை 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களைப் பார்த்த ஊரில் விளக்க வேண்டியதில்லை.

கொட்டேஷன் கேட்கும் முன், பி.பி.எக்ஸ். (அலுவலக டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்) பதிவிலிருந்து உங்கள் மிகப் பரபரப்பான ஒரு மணி நேரத்தின் அழைப்பு எண்ணிக்கையையும் சராசரி நிமிடத்தையும் எடுத்து அனுப்புங்கள். மற்றதை அதிலிருந்து நாங்கள் வரைந்துகொள்வோம்.