ஸ்லைடரை இழுத்தால் ஸ்டைல் டேக் ஏன் வீங்குகிறது?

"இழுக்க இழுக்கப் பக்கம் மந்தமாகிறது" என்று புகார். கோடில் கனமான கணக்கு எதுவும் இல்லை. ஸ்லைடரை நகர்த்தினால் ஒரு பெட்டியின் அகலம் மாறும், அவ்வளவுதான். டெவ்டூல்ஸைத் திறந்து ஹெட்டில் இருந்த ஸ்டைல் டேக்கை விரித்தேன். 211 பிக்சலுக்கு ஒரு கிளாஸ், 212க்கு ஒன்று, 213க்கு இன்னொன்று என்று கீழே போய்க்கொண்டே இருந்தது. எல்லாவற்றிலும் அதே நிறம், அதே நிழல். அகலம் மட்டும்தான் வேறு.

தப்பு எங்களுடையதுதான், அகலத்தின் எண்ணை ஸ்டைலுக்குள்ளேயே எழுதியிருந்தோம். ஜாவாஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே ஸ்டைல் எழுத விடும் சிஎஸ்எஸ்-இன்-ஜேஎஸ் லைப்ரரிகள் பலவும் வேலை செய்யும் விதம் அப்படி. 1 கேபிக்கும் குறைவு என்று சொல்லிக்கொள்ளும் கூபரை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதிய ஸ்டைலுக்கு ஒரு ஹாஷ் (அதன் எழுத்துகளிலிருந்து கணக்கிடும் குறியீடு) போட்டு, அதையே கிளாஸ் பெயராக்கி, ஸ்டைல் டேக்கில் ஒட்டிவிடும். அதே ஸ்டைல் மறுபடி வந்தால் பழைய கிளாஸே கிடைக்கும். ஓர் எண் மாறினாலும் புது ஹாஷ், புது விதி. பழையதை யாரும் துடைப்பதில்லை.

ஸ்டைல்டு காம்போனன்ட்ஸ் போன்ற பெரியவை, ஒரே காம்போனன்ட்டுக்கு 200 கிளாஸைத் தாண்டினால் டெவலப்மென்ட்டிலேயே கன்சோலில் கத்தும். அளவைச் சுருக்கும்போது முதலில் போவது இந்த மாதிரி அக்கறைகள்தான். சிறிய லைப்ரரியை எடுத்தால் அந்தக் காவல் வேலை நம் தலையில்.

தீர்வு இரண்டு வரி. ஸ்டைலுக்குள் எண்ணை வைக்காமல் ஒரு சிஎஸ்எஸ் வேரியபிளை வைத்தோம். எண்ணை எலிமென்ட்டின் இன்லைன் ஸ்டைலில் கொடுத்தோம். எத்தனை முறை இழுத்தாலும் கிளாஸ் ஒன்றுதான். (வேரியபிளுக்கு --அகலம் என்றே பெயர் வைக்கலாம், சிஎஸ்எஸ் தமிழை ஏற்கும்.) பட்டன் அழுத்தப்பட்டதா இல்லையா, தீம் இருட்டா வெளிச்சமா என்பது போல விரல் விட்டு எண்ணக்கூடிய நிலைகளை ப்ராப்ஸாகவே (காம்போனன்ட்டுக்குள் அனுப்பும் மதிப்புகளாக) கொடுத்து ஸ்டைலை மாற்றுங்கள், அதில் தவறில்லை.

இன்னொன்று: சர்வரில் கடுமையான சிஎஸ்பி ஹெடர் (பக்கத்தில் எந்த ஸ்கிரிப்ட், ஸ்டைல் ஓடலாம் என்று பிரவுசருக்குச் சொல்லும் பாதுகாப்பு விதி) இருந்தால், நான்ஸ் என்ற ஒருமுறை அனுமதிக் குறியீடு இல்லாத ஸ்டைல் டேக்கை பிரவுசர் ஒதுக்கிவிடும். லோக்கலில் அழகாக இருந்த பக்கம் லைவில் மொட்டையாக நிற்கும். ஹெடரை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

சரி, உங்கள் பக்கத்தில் இந்த வீக்கம் இருக்கிறதா? ஸ்லைடரை இழுப்பதற்கு முன்னும் பின்னும் கன்சோலில் அந்த ஸ்டைல் ஷீட்டின் விதிகளை எண்ணிப் பாருங்கள். எலிமென்ட்ஸ் பேனலில் டேக் காலியாகத் தெரிந்தால் நம்பிவிடாதீர்கள். சில லைப்ரரிகள் ப்ரொடக்‌ஷனில் விதிகளை நேராக ஷீட்டில் செருகும், டேக்குக்குள் ஓர் எழுத்தும் தெரியாது.